போஸ்ட்கிரெஸ் லாக் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பாளையங்கோட்டையில் இருந்து அம்பாசமுத்திரம், வள்ளியூர் வரைக்கும் அரிசி ஆலை, ஜவுளிக்கடை, ஸ்கேன் சென்டர், பள்ளிக்கூடம் என்று பில் போடும் மென்பொருளுக்கு அடியில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஓடுகிற இடங்கள் நிறைய. பல இடங்களில் அது மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு விண்டோஸ் பெட்டி. கொஞ்சம் பெரிய இடம் என்றால் உபுண்டு அல்லது ராக்கி லினக்ஸ். நிறுவிக் கொடுத்தவர் லாக் பக்கம், அதாவது சர்வர் தன் வேலைகளையும் பிழைகளையும் எழுதி வைக்கும் கோப்பின் பக்கம், திரும்பியிருக்கவே மாட்டார். ஒரு நாள் ஏதாவது நின்றுபோனால்தான் லாக்கைத் தேடுவார்கள். அன்றைக்குப் பார்த்து லாக் இருக்காது. இருந்தாலும் யார், எப்போது, எந்த கவுன்டரில் என்று எதுவும் அதில் தெரியாது.

இப்படித் திரும்பத் திரும்பச் சரிசெய்த கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கிற காரணம் கடைசியில். அமைப்புப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். கோப்பில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில், அடிக்கோடு உட்பட அப்படியே அடிக்க வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

பிஎஸ்க்யூஎல் (கட்டளை அடிக்கும் கருவி) அல்லது பிஜிஅட்மினில் (ஜன்னல் வடிவக் கருவி) சூப்பர்யூசராக, அதாவது முழு உரிமையுள்ள கணக்கில், நுழைந்து இந்த நான்கையும் கேளுங்கள்.

ஷோ கான்ஃபிக்_ஃபைல்;
ஷோ லாக்_டெஸ்டினேஷன்;
ஷோ லாக்கிங்_கலெக்டர்;
செலக்ட் பிஜி_கரன்ட்_லாக்ஃபைல்();

பதில்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் கான்ஃபிக் கோப்பில், அதாவது சர்வரின் அமைப்புகள் எழுதியிருக்கும் கோப்பில், கை வைக்க வேண்டாம். கடைசிக் கேள்வி 10ஆம் பதிப்பில் இருந்துதான் உண்டு. அதற்கு வெற்றாகப் பதில் வந்தால் லாக்கே இல்லை என்று அர்த்தமில்லை. கலெக்டர் (லாக் வரிகளைச் சேர்த்துக் கோப்பில் எழுதும் போஸ்ட்கிரெஸின் துணை வேலை) ஓடவில்லை, லாக் வேறு வழியாகப் போகிறது என்றுதான் அர்த்தம். உபுண்டுவில் இது வழக்கமான நிலை.

## அறிகுறி: லாக் கோப்பையே காணோம்

விண்டோஸ். வழக்கமான நிறுவியில் போட்டிருந்தால் டேட்டா ஃபோல்டருக்குள் லாக் என்ற ஃபோல்டர் இருக்கும். பதிப்பு 9.6 அல்லது அதற்கு முந்தையது என்றால் பிஜி_லாக் என்று தேட வேண்டும். 10இல்தான் பெயர் மாறியது. டேட்டா ஃபோல்டரைத் திறக்கவே அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொன்னால் நிர்வாகி கணக்கில் திறந்து பாருங்கள். அந்த ஃபோல்டருக்கு எல்லாருக்கும் முழு அனுமதி என்று டிக் அடித்துவிடாதீர்கள், டேட்டாவும் அங்கேதான் இருக்கிறது.

உபுண்டு, டெபியன். கலெக்டர் ஆஃப் என்று இருக்கும். பயப்பட வேண்டாம். அந்தப் பேக்கேஜே லாக்கை /வார்/லாக்/போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஃபோல்டரில் பதிப்பு எண்ணும் கிளஸ்டர் பெயரும் சேர்ந்த கோப்பில் எழுதிவிடும். 16ஆம் பதிப்பு என்றால் கோப்புப் பெயரில் 16-மெயின் என்று வரும். அதை லாக்ரொட்டேட் என்ற லினக்ஸ் கருவி வாரம் ஒருமுறை மாற்றிக்கொடுக்கும்.

ராக்கி, ரெட்ஹேட் வகை. கலெக்டர் ஏற்கனவே ஆன். டேட்டா ஃபோல்டருக்குள் லாக் ஃபோல்டரில், கிழமைப் பெயரோடு ஏழு கோப்புகள் சுழலும். இந்த ஏழில் ஒரு சிக்கல் உண்டு, டிஸ்க் பகுதியில் சொல்கிறேன்.

டாக்கர். லாக் கன்டெய்னரின் வெளியீட்டுக்குப் போகிறது. டாக்கர் லாக்ஸ் கட்டளையில் பாருங்கள். யாராவது உள்ளே கலெக்டரை ஆன் செய்திருந்தால் அந்தக் கட்டளை ஆரம்ப வரிகளோடு நின்றுவிடும், மிச்சம் எல்லாம் கன்டெய்னருக்குள் கோப்பாகப் போகும். டாக்கரில் கலெக்டர் ஆஃப் என்றே விட்டுவிடுவது நல்லது. ஆனால் டாக்கரின் வழக்கமான லாக் கோப்புக்கு அளவு வரம்பு கிடையாது, மேக்ஸ்-சைஸ் என்று நாம்தான் போட வேண்டும்.

இங்கெல்லாம் இல்லையென்றால் லாக்_டெஸ்டினேஷனுக்கு வந்த பதிலைப் பாருங்கள். சிஸ்லாக் (லினக்ஸின் பொது லாக் சேவை) என்று இருந்தால் கீழே சிஸ்லாக் பகுதிக்குப் போங்கள். ஈவென்ட்லாக் என்று இருந்தால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் இருக்கும். சிஎஸ்விலாக் அல்லது ஜேசன்லாக் என்று இருந்து கலெக்டர் ஆஃப் என்றால் அந்தக் கோப்பு உருவாகவே ஆகாது. இந்த இரண்டு வடிவத்துக்கும் கலெக்டர் கட்டாயம் ஓட வேண்டும்.

## அறிகுறி: கான்ஃபிக்கை மாற்றினேன், எதுவும் மாறவில்லை

இதற்குத்தான் அதிக அழைப்பு வரும். காரணங்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

*வரியின் முன்னால் இருக்கும் # குறியை எடுக்கவில்லை.* மதிப்பை மாற்றியிருப்பார்கள், குறி அப்படியே நிற்கும். சர்வர் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

*வேறு கோப்பில் மாற்றியிருக்கிறீர்கள்.* ஒரே பெட்டியில் பழைய 12உம் புதிய 16உம் சேர்ந்து கிடக்கும். ஒன்று 5432 போர்ட்டில், இன்னொன்று 5433இல். நீங்கள் திறந்தது ஒன்றின் கோப்பு, பில்லிங் பேசுவது இன்னொன்றோடு. தாளில் எழுதிய முதல் பதிலோடு பாதையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

*ரீலோட் செய்யவில்லை.* கோப்பைத் திரும்பப் படிக்கச் சொல்ல செலக்ட் பிஜி_ரீலோட்_கான்ஃப்(); என்று ஒருமுறை ஓட்டினால் போதும். லாக் தொடர்பான அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ரீலோட் போதும். லாக்கிங்_கலெக்டருக்கு ரீஸ்டார்ட் வேண்டும். கவுன்டரில் ஆள் நிற்கும்போது வேண்டாம், கடை அடைத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

*அதே பெயர் கோப்பில் இரண்டு இடத்தில் இருக்கிறது.* மேலே நீங்கள் மாற்றியிருப்பீர்கள், கோப்பின் அடியில் யாரோ பழைய மதிப்பை ஒட்டி வைத்திருப்பார்கள். கடைசியாக வருவதுதான் செல்லும்.

*ஆட்டோ.கான்ஃப் கோப்பு மறைக்கிறது.* யாராவது ஆல்டர் சிஸ்டம் கட்டளையால் மாற்றியிருந்தால் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப் என்ற தனிக்கோப்பில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கோப்புக்குத்தான் முன்னுரிமை. முதன்மைக் கோப்பில் என்ன எழுதினாலும் எடுபடாது. எந்த மதிப்பு எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் இருந்து வருகிறது என்று இப்படிக் கேட்கலாம்:

செலக்ட் நேம், செட்டிங், சோர்ஸ்ஃபைல், சோர்ஸ்லைன், பென்டிங்_ரீஸ்டார்ட் ஃப்ரம் பிஜி_செட்டிங்ஸ் வேர் நேம் லைக் 'லாக்%';

சோர்ஸ்ஃபைலில் ஆட்டோ.கான்ஃப் என்று வந்தால் ஆல்டர் சிஸ்டம் ரீசெட் போட்டு அந்த அமைப்பின் பெயரைக் கொடுத்து எடுத்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். பென்டிங்_ரீஸ்டார்ட் என்ற இடத்தில் ட்ரூ என்று வந்தால் ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறது.

*யூசருக்கோ டேட்டாபேஸுக்கோ தனியாகப் போட்டிருக்கிறார்கள்.* எந்த வகைக் கட்டளையைப் பதிவது என்று சொல்லும் லாக்_ஸ்டேட்மென்ட், எவ்வளவு நேரம் எடுத்தால் பதிவது என்று சொல்லும் லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் இரண்டையும் இப்படிப் போட முடியும். பிஎஸ்க்யூஎல்லில் \டிஆர்டிஎஸ் என்று அடித்தால் பட்டியல் வரும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பழைய டெவலப்பர் சோதனைக்காகப் போட்டுவிட்டு எடுக்க மறந்தது இங்கேதான் ஒளிந்திருக்கும்.

*கோப்பில் எழுத்துப்பிழை.* ரீலோட் செய்தபோது மதிப்பில் பிழை என்றால் சர்வர் அந்த வரியை மட்டும் விட்டுவிடும். அமைப்பின் பெயரிலோ எழுதிய முறையிலோ பிழை என்றால் எந்த மாற்றத்தையும் ஏற்காமல் பழைய மதிப்புகளோடு ஓடிக்கொண்டிருக்கும். செலக்ட் * ஃப்ரம் பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் வேர் எரர் இஸ் நாட் நல்; என்று கேட்டால் எந்த வரி என்று காட்டிவிடும். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ரீலோடில் சும்மா விட்ட பிழை ரீஸ்டார்ட்டில் சர்வரையே எழவிடாமல் செய்துவிடும்.

## அறிகுறி: லாக்கில் கை வைத்த பிறகு சர்வர் கிளம்பவில்லை

கலெக்டர் எழுவதற்கு முன்பே சர்வர் விழுந்தால் வழக்கமான லாக் கோப்பில் எதுவும் இருக்காது. விண்டோஸில் ஈவென்ட் வியூவர், லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் கட்டளை, உபுண்டுவில் மேலே சொன்ன 16-மெயின் கோப்பு. இந்த மூன்றில் ஒன்றில் காரணம் கட்டாயம் இருக்கும். ஊகத்தில் மாற்றிப் பார்க்காமல் முதலில் அந்த வரியைப் படியுங்கள்.

இன்வேலிட் வேல்யூ ஃபார் பாராமீட்டர் என்று வந்தால் மதிப்பில் தப்பு. ஜேசன்லாக் 15ஆம் பதிப்பில்தான் வந்தது. 14இல் அதை எழுதினால் சர்வர் ஏற்காது. இணையத்தில் பார்த்ததை அப்படியே ஒட்டும்போது நடப்பது இதுதான்.

பாதை விசித்திரமாகத் தெரிந்தால் விண்டோஸ் பாதையில் பின்சாய்கோடு போட்டிருப்பீர்கள். கான்ஃபிக் கோப்பில் மேற்கோளுக்குள் பின்சாய்கோடு வந்தால் அதற்கு வேறு பொருள். டி:/பிஜிலாக் என்று முன்சாய்கோடாக எழுதுங்கள்.

பெர்மிஷன் டினைட் என்று வந்தால் புதிதாகக் கொடுத்த லாக் ஃபோல்டரில் எழுத போஸ்ட்கிரெஸ் சர்வீஸ் ஓடும் கணக்குக்கு உரிமை இல்லை. விண்டோஸில் அது பெரும்பாலும் நெட்வொர்க் சர்வீஸ் என்ற கணக்கு. சர்வீசஸ் பட்டியலில் லாக் ஆன் ஆஸ் என்ற இடத்தில் பார்த்து, அந்தக் கணக்குக்கு ஃபோல்டரில் உரிமை கொடுங்கள். லினக்ஸில் ஃபோல்டரின் உரிமையாளர் போஸ்ட்கிரெஸ் என்று இருக்க வேண்டும். உரிமை எல்லாம் சரி, ஆனாலும் மறுக்கிறது, பெட்டி ராக்கி என்றால் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறது. அதை அணைத்துவிடாதீர்கள். செமானேஜ் கட்டளையால் அந்த ஃபோல்டருக்கு போஸ்ட்கிரெஸ்கியூஎல்_லாக்_டி என்ற அடையாளத்தைக் கொடுத்து ரெஸ்டோர்கான் ஓட்டினால் வழிவிடும்.

அவசரமாகக் கடையைத் திறக்க வேண்டுமா? நீங்கள் மாற்றிய வரிகளுக்கு முன் # போட்டுக் கிளப்புங்கள். ஆல்டர் சிஸ்டம் மூலம் மாற்றியிருந்தால், சர்வர் நின்றிருக்கும் நிலையில் ஆட்டோ.கான்ஃப் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் அழிக்கலாம்.

இங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்: வரியில் பேனிக் என்றோ, செக்பாயின்ட் ரெக்கார்ட் கிடைக்கவில்லை என்றோ வந்தால் கோளாறு லாக்கில் இல்லை, டேட்டாவில். மின்சாரம் திடீரென்று போய் யுபிஎஸ்ஸும் கைவிட்ட பெட்டிகளில் இது வரும். இணையத்தில் தேடினால் பிஜி_ரீசெட்வால் ஓட்டச் சொல்வார்கள். ஓட்டினால் சர்வர் எழுந்துவிடும், எந்த பில் போனது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். டேட்டா ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

## அறிகுறி: டிஸ்க் நிரம்பிவிட்டது

"தம்பி, பில்லு அடிக்கவே மாட்டேங்கு" என்று அரிசி ஆலை அண்ணாச்சி போன் போடுவது பெரும்பாலும் பிசான அறுவடை முடிந்து நெல் குவிகிற மாசியில்தான். வரத்து கூடினால் பதிவு கூடும், பதிவு கூடினால் லாக் கூடும். போன வருஷம் முழுக்க மெல்ல நிரம்பிய டிஸ்க் அந்த ஒரு வாரத்தில் தொண்டை வரைக்கும் வந்துவிடும். லாக்கும் டேட்டாவும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் இடம் தீர்ந்ததும் சர்வரே நின்றுவிடும். தனி டிஸ்க்கில் லாக் இருந்தால் லாக் எழுதுவது மட்டும் நிற்கும், பில் ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகவே லாக்கை டேட்டா டிஸ்க்கில் இருந்து வெளியே எடுங்கள்.

முதலில்: எதை அழிக்கக் கூடாது. டேட்டா ஃபோல்டருக்குள் பிஜி_வால், பிஜி_எக்ஸ்ஆக்ட் என்று இரண்டு ஃபோல்டர் இருக்கும். டேட்டாவைச் சரியாக வைத்திருக்கும் உள்பதிவுகள் இவை, ஒரு கோப்பைக்கூட அழிக்கக் கூடாது. 9.6 வரைக்கும் இவற்றின் பெயர் பிஜி_எக்ஸ்லாக், பிஜி_க்ளாக். பெயரில் லாக் என்று இருந்ததால் டிஸ்க் நிரம்பும்போது பழைய லாக்தானே என்று நினைத்து அழித்து, டேட்டாபேஸை இழந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். அதனால்தான் 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். நம் பகுதியில் 9.4, 9.6 எல்லாம் இன்னும் ஓடுகிற கடைகள் இருக்கின்றன. அங்கே போகும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும். அழிக்கலாம் என்பது லாக்_டைரக்டரி காட்டுகிற ஃபோல்டரில் இருக்கிற, இன்றைய தேதி இல்லாத .லாக், .சிஎஸ்வி, .ஜேசன் கோப்புகள் மட்டும்.

எது நிரப்புகிறது? ஃபோல்டர் ஃபோல்டராக அளவு பாருங்கள்.

பெரியது லாக் ஃபோல்டர் என்றால் இந்த வரிசையில் வாருங்கள்.

பழையதை யாரும் அழிக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் புதுக்கோப்பு திறக்கும், பழையதைத் தானாக ஒருபோதும் அழிக்காது. இது பலருக்குத் தெரியாது. லினக்ஸில் 30 நாளுக்கு மேற்பட்டதை ஃபைன்ட் கட்டளையால் அழிக்க ஒரு கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) வரி போடுங்கள். விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரில் ஃபோர்ஃபைல்ஸ் கட்டளை. நேரம் தவறினால் அடுத்துப் பெட்டி திறந்ததும் ஓடட்டும் என்ற டிக்கையும் போட்டுவிடுங்கள், நம் கடைகளில் ராத்திரி பெட்டி ஓடாது.

ராத்திரி ஓடாத பெட்டிக்கே உரிய இன்னொரு கோளாறு இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கிழமைப் பெயரில் ஏழு கோப்பு சுழல்வதாகச் சொன்னேன் அல்லவா? அதில் லாக்_ட்ரங்கேட்_ஆன்_ரொட்டேஷன் ஆன் என்று இருக்கும். போன திங்களின் கோப்பைத் துடைத்துவிட்டு இந்தத் திங்கள் புதிதாக எழுத வேண்டும் என்பது கணக்கு. ஆனால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நேரம் வந்து கோப்பு மாறினால்தான் அந்தத் துடைப்பு நடக்கும். சர்வர் புதிதாகக் கிளம்பும்போது துடைக்காது, பழையதன் கீழே சேர்த்து எழுதும். ஒரு நாள் சுழற்சி நள்ளிரவில் நடக்கும். கடையை ராத்திரி ஒன்பதுக்கு அடைத்துப் பெட்டியை அணைத்துவிட்டுக் காலையில் திறந்தால் நள்ளிரவை அந்தச் சர்வர் பார்ப்பதே இல்லை. ஏழு கோப்பும் ஏழு மலையாக வளரும். அளவு வரம்பு போட்டாலும் உதவாது. 10 எம்பி ஆனதும் புதுப்பெயர் கேட்கும், கிழமை அதேதான் என்பதால் அதே கோப்பையே திரும்பத் திறந்து தொடரும். தினமும் அணைக்கிற பெட்டிக்குக் கிழமைப் பெயர் வேண்டாம். லாக்_ஃபைல்நேமில் வருடம், மாதம், தேதி வரும்படி வைத்து, பழையதை அழிக்கும் வேலையைத் தனியாகப் போடுங்கள்.

எல்லா வரியையும் பதிகிறது. லாக்_ஸ்டேட்மென்ட் ஆல் என்றோ, லாக்_மின்_டியூரேஷன்_ஸ்டேட்மென்ட் 0 என்றோ இருந்தால் ஒவ்வொரு கேள்வியும் லாக்கில் ஏறும். முதலாவதை டிடிஎல் (டேபிள் போன்றவற்றை உருவாக்கும், மாற்றும் கட்டளைகள் மட்டும்) என்றும் இரண்டாவதை 1000 என்றும் வையுங்கள். 1000 என்றால் ஒரு நொடிக்கு மேல் எடுக்கிற கேள்வி மட்டும் வரும். அண்ணாச்சி "ஸ்லோவா இருக்கு" என்று சொல்லும்போது பார்க்க அது போதும்.

ஒரே எரர் ஆயிரக்கணக்கில் வருகிறது. கோப்பின் கடைசி 100 வரியைப் பாருங்கள். பில்லிங் மென்பொருள் இல்லாத டேபிளைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மென்பொருள் கொடுத்தவரிடம் அந்த வரியை அனுப்புங்கள். கடவுச்சொல் தவறு என்ற வரி முன்பின் தெரியாத ஐபியில் இருந்து நொடிக்கு நொடி வந்தால் உங்கள் 5432 போர்ட் இணையத்துக்குத் திறந்து கிடக்கிறது. ரூட்டரில் அந்த போர்ட் திறப்பை அப்போதே மூடுங்கள், பிறகு தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். லாக்கை அழிக்க வேண்டாம், அது சாட்சி.

கோப்பை அழித்தும் இடம் வரவில்லை. லினக்ஸில் சர்வர் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் போகும், இடம் போகாது. கலெக்டர் ஓடுகிறது என்றால் செலக்ட் பிஜி_ரொட்டேட்_லாக்ஃபைல்(); போட்டதும் இடம் திரும்பும். கலெக்டர் இல்லாத உபுண்டு பெட்டியில் அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் அளவைச் சுழியாக்க வேண்டும். ஏற்கனவே அழித்துவிட்டால் ரீஸ்டார்ட்தான்.

பெரியது பிஜி_வால் என்றால் நீங்கள் செய்ய எதுவும் இல்லை. கைவிடப்பட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட்டோ, தோற்றுக்கொண்டே இருக்கும் ஆர்க்கைவ் கட்டளையோ காரணமாக இருக்கலாம். டிஸ்க்கில் வேறு எதையாவது நகர்த்தி இடம் கொடுத்துவிட்டு, அனுபவம் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: எரர் தெரிகிறது, யார் செய்தது என்று தெரியவில்லை

ஒவ்வொரு லாக் வரியின் முன்னாலும் என்ன வர வேண்டும் என்று சொல்வது லாக்_லைன்_ப்ரிஃபிக்ஸ். 9.6 வரைக்கும் போஸ்ட்கிரெஸின் சொந்த மதிப்பு வெற்று, நிறுவிய பேக்கேஜ் எதுவும் போடாவிட்டால் நேரம்கூட இருக்காது. 10இல் இருந்து நேரமும் ப்ராசஸ் எண்ணும் வரும். ஐந்து கவுன்டர் உள்ள கடைக்கு இரண்டுமே போதாது. நான் எல்லா இடத்திலும் போடுவது இது:

'%எம் [%பி] %க்யூ%யூ@%டி %ஹெச் %ஏ '

எல்லாம் சின்ன எழுத்து. கடைசியில் ஒரு இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் செய்தியோடு ஒட்டிக்கொள்ளும். %எம் மில்லிநொடியோடு நேரம், %பி ப்ராசஸ் எண், %யூ யூசர், %டி டேட்டாபேஸ், %ஹெச் எந்தக் கணினி, %ஏ எந்த அப்ளிகேஷன். %க்யூ எதையும் காட்டாது. சர்வரின் சொந்த வேலைகளுக்கு அதற்கு அப்பால் இருப்பதை விட்டுவிடும், அவ்வளவுதான். ரீலோட் செய்ததும் வரி இப்படி மாறும்:

2025-02-18 11:42:07.318 ஐஎஸ்டி [4312] பில்லிங்@மில்டிபி 192.168.1.14 கவுன்டர்2 எரர்: டூப்ளிகேட் கீ…

கவுன்டர் 2இல் காலை 11:42க்கு ஒரே பில் எண் இரண்டு முறை போனது என்று இந்த ஒரு வரியே சொல்லிவிடும். எந்த ஊழியரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை. லாக் சரியாக இல்லாத கடையில் பழி முதலில் விழுவது கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளை மேல்தான். அதனால்தான் இந்த வரிக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

%ஏ வெற்றாக வந்தால் மென்பொருள் தன் பெயரைச் சொல்லவில்லை. ஒவ்வொரு கவுன்டரின் கனெக்ஷன் வரியிலும் அப்ளிகேஷன்_நேம் சேர்க்கச் சொல்லுங்கள். காசு கேட்கிற அளவு வேலை இல்லை.

எல்லா வரியிலும் ஒரே ஐபி வந்தால் நடுவில் பிஜிபௌன்சரோ (கனெக்ஷன்களைச் சேர்த்து அனுப்பும் இடைமென்பொருள்) வெப் சர்வரோ இருக்கிறது. அப்போது ஐபி உதவாது, அப்ளிகேஷன் பெயர்தான் ஒரே வழி.

எல்லாரும் ஒரே யூசராகத் தெரிந்தால் மென்பொருள் ஒரே கணக்கில் நுழைகிறது. லாக் அமைப்பால் இதைத் தீர்க்க முடியாது, மென்பொருளில்தான் மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. லாக்_ஸ்டேட்மென்ட் டிடிஎல் என்று இருக்கும்போது க்ரியேட் ரோல் கட்டளையில் கடவுச்சொல்லை எழுதினால் அது அப்படியே லாக்கில் பதியும். கடவுச்சொல் மாற்ற பிஎஸ்க்யூஎல்லில் \பாஸ்வேர்ட் பயன்படுத்துங்கள், அது மறைத்த வடிவில்தான் அனுப்பும். ஸ்கேன் சென்டர், ஆஸ்பத்திரி லாக்கில் நோயாளிப் பெயரும் வந்திருக்கும். உதவி கேட்கிறேன் என்று முழுக்கோப்பையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். எரர் வந்த வரியை மட்டும், பெயரை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

## அறிகுறி: லாக்கில் நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது

லாக்_டைம்ஸோன் ஜிஎம்டி அல்லது யூடிசி என்று இருக்கும். ஆசியா/கொல்கத்தா என்று ஆங்கிலத்தில் எழுதி ரீலோட் செய்யுங்கள். டைம்ஸோன் என்று இன்னொரு அமைப்பு உண்டு. அது கேள்விகளுக்கு வரும் பதிலின் நேரத்துக்கு, லாக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பில்லில் நேரம் சரியாக இருக்கிறது என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

## அறிகுறி: சிஎஸ்வி கோப்பில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்து வருகின்றன

எக்ஸெலில் இருமுறை க்ளிக் செய்து திறந்திருப்பீர்கள். கோப்பு யூடிஎஃப்-8, எக்ஸெல் அதை வேறு குறியாக்கமாக எடுத்துக்கொள்கிறது. டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி இறக்குமதி வழியாக 65001 என்ற குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். அப்போதும் சிதைந்திருந்தால் அந்த டேட்டாபேஸே யூடிஎஃப்-8இல் இல்லை. பிஎஸ்க்யூஎல்லில் \எல் அடித்துப் பாருங்கள். அது லாக் வேலை இல்லை, முழு டேட்டாவையும் மாற்றும் வேலை. தனியாக ஆள் வைத்து, முழு பேக்கப் எடுத்த பிறகுதான்.

## அறிகுறி: சிஎஸ்வி லாக்கை டேபிளில் ஏற்றினால் எக்ஸ்ட்ரா டேட்டா என்று மறுக்கிறது

பதிப்பு உயர்ந்திருக்கும், டேபிள் பழையதாகவே இருக்கும். 12 வரைக்கும் 23 நெடுவரிசை. 13இல் பேக்எண்ட்_டைப் சேர்ந்து 24. 14இல் லீடர்_பிட், க்வெரி_ஐடி சேர்ந்து 26. உங்கள் பதிப்பின் ஆவணத்தில் இருக்கிற டேபிள் வரையறையை எடுத்துப் புதிதாக உருவாக்குங்கள். பழைய டேபிளில் கை வைக்காமல் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிடலாம்.

## அறிகுறி: சிஸ்லாக்கில் வரிகள் காணாமல் போகின்றன

லினக்ஸ் வகைகளுக்கு மட்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் ஆர்சிஸ்லாக் கான்ஃபிக்கில் லோக்கல்0 வகைக்கு ஒரு கோப்பு ஒதுக்கியிருக்கிறதா பாருங்கள், போஸ்ட்கிரெஸ் வழக்கமாக அந்த வகையில்தான் அனுப்பும். வருகிறது, நடுநடுவே விட்டுப்போகிறது என்றால் ஜர்னல்டி அல்லது ஆர்சிஸ்லாக்கின் வேக வரம்பு. 30 நொடிக்கு 10000 செய்தி என்பது ஜர்னல்டியின் வழக்கமான எல்லை. நீளமான கேள்வி துண்டு துண்டாக வந்தால் சிஸ்லாக்_ஸ்ப்ளிட்_மெசேஜஸ் ஆஃப் செய்யலாம், 9.6இல் இருந்து உண்டு.

என் கருத்தைக் கேட்டால், ஒரே ஒரு சர்வர் உள்ள கடைக்கு சிஸ்லாக் வேண்டாம். நெரிசலில் சிஸ்லாக் வரியை விட்டுவிடும். கலெக்டர் விடாது, சர்வரைக் காக்கவைத்தாவது எழுதும். பல சர்வர்களின் லாக்கை ஓரிடத்தில் சேர்க்கிற கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி என்றால் மட்டும் சிஸ்லாக் பொருந்தும்.

## அறிகுறி: கண்காணிப்பு மென்பொருளால் லாக்கைப் படிக்க முடியவில்லை

லாக்_ஃபைல்_மோட் வழக்கமாக 0600, சர்வர் கணக்கைத் தவிர யாரும் படிக்க முடியாது. 0640 என்று வைத்து, படிக்கப்போகும் கணக்கை போஸ்ட்கிரெஸ் குழுவில் சேருங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் லாக் டேட்டா ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது, அந்த ஃபோல்டரின் கதவே மூடியிருக்கிறது. லாக்_டைரக்டரியை வெளியே மாற்றுங்கள். டேட்டா ஃபோல்டரை 777 என்று திறந்துவிட்டால் போஸ்ட்கிரெஸ் அடுத்த முறை கிளம்ப மறுக்கும். கலெக்டர் இல்லாத உபுண்டுவில் இந்த அமைப்பு எடுபடாது. அங்கே ஏடிஎம் என்ற குழுவில் சேர்த்தால் போதும்.

## ஆளைக் கூப்பிடும்போது கையில் இருக்க வேண்டியவை

ஆரம்பத்தில் தாளில் எழுதிய நான்கு பதில்கள், செலக்ட் வெர்ஷன்(); கேட்டதற்கு வந்த வரி, டிஸ்க்கில் மிச்சம் உள்ள இடம், கடைசியாக யார் எதை மாற்றினார்கள் என்பது, கோளாறு தொடங்கிய நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள லாக் வரிகள். இவை இருந்தால் பெரும்பாலும் போனிலேயே முடிந்துவிடும், திசையன்விளைக்கோ சங்கரன்கோவிலுக்கோ ஒரு நாளைச் செலவழித்து ஆள் வர வேண்டியிருக்காது. வருகிறவர் பேக்கப் எங்கே என்று கேட்காமலேயே டேட்டா ஃபோல்டரில் கை வைத்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.